அவலூர்பேட்டைச் சாலையில் ஒரு படிக்கிணறு

சென்ற பங்குனியில் நான் செஞ்சிக்குப் போனதற்குக் கோட்டை காரணம் இல்லை. என் தங்கையின் மகள் சரோஜா அந்த வட்டாரத்தில் அரசாங்க டாக்டராக இருக்கிறாள். வேலையில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் ஒரு தீபாவளிக்குக்கூட அவள் சென்னைப் பக்கம் வரவில்லை. அவளுடைய தாயார் உயிரோடு இல்லை; எனவே போய்ப் பார்க்க வேண்டியவள் நான். போன இடத்தில் கோட்டையைப் பார்த்தேன், ஒரு கிணற்றையும் பார்த்தேன். கோட்டையைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கிணற்றைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய விவரங்களை இடையிடையே சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் போகலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அறுபத்தெட்டு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு போக எவனும் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு எழும்பூரில் காலை ஏழு மணி பாசஞ்சரில் ஏறினேன். பத்தரைக்குத் திண்டிவனம். அங்கிருந்து செஞ்சி பதினேழு மைல், பஸ் கட்டணம் எண்பத்தைந்து காசு. வழியில் மைல் கற்களைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மைலிலேயே எழுதுகிறேன். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம். பஸ்ஸின் கூரையில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள், உள்ளே அவற்றின் சொந்தக்காரர்கள். கடைசி நான்கு மைலில் மலைகள் வருகின்றன. மண்ணே இல்லாத மலைகள். யாரோ பாறைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போனதைப் போல் இருந்தது.

சரோஜா ஒரு நயினார் குடும்பத்தின் வீட்டில் பின்கட்டில் குடியிருக்கிறாள். தமிழ் பேசும் சமணர்களை இங்கே நயினார் என்பார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. அந்த வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். மாலை ஐந்தரைக்கு இலை போட்டுவிட்டார்கள். நான் படித்த கான்வென்ட் விடுதியில்கூட இரவுச் சாப்பாடு ஆறரைக்குத்தான்.

வீட்டுக்கார அம்மாள் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டித் தண்ணீரை வடிகட்டினார். பிறகு அந்தத் துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரிலேயே அலசி, அலசிய தண்ணீரைக் கொண்டுபோய் அதே கிணற்றில் மெதுவாக ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். "துணியில உயிருங்க ஒட்டிகிட்டு இருக்கும் இல்லீங்களா? தரையில கொட்டுனா செத்துடும். அதது பொறந்த எடத்துலயே விட்டுடணும்" என்றார்.

அவர் உள்ளே போனதும் சரோஜா சொன்னாள்: "அவங்க பூச்சியைக் காப்பாத்தறாங்க பெரியம்மா. அந்தத் துணி அவங்களைக் காப்பாத்துது. இந்த வீட்டுல ஒருத்தருக்கும் சிலந்தி வந்ததில்லை."

நரம்புச் சிலந்தி என்பது ஒரு புழு. நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சரோஜா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். தண்ணீரில் கடுகைவிடச் சிறிய ஒரு பூச்சி உண்டு. அதன் வயிற்றுக்குள் புழுக்குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் உடம்பில் புழு ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேலாகி, பெரும்பாலும் காலைக் கொப்புளமாகப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்போது கால் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் அவன் காலைத் தண்ணீரில் வைப்பான். வைத்தவுடன் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கும். அதைப் பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரை ஊர் குடிக்கும். இதற்கு ஊசி மாத்திரை எதுவும் கிடையாது. வெளியே வந்த புழுவை ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றித் தினம் கொஞ்சமாக எடுக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிட்டால் கால் வீங்கிப் புரையோடும்.

மறுநாள் காலை கோட்டை. கடைத்தெருவிலிருந்து ஒன்றரை மைல். குதிரை வண்டிக்காரர் காதர் பாய் போக, வர, காத்திருக்க இரண்டு ரூபாய் கேட்டார், ஒன்றரைக்கு ஒப்புக்கொண்டார். ராஜகிரி மலையில் ஏற வேண்டும் என்றேன்.

"வேணாம்மா. மேல போனா கொரங்கு இருக்குது. கீழ வந்தா முட்டி வலி இருக்குது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"நீங்கள் ஏறியிருக்கிறீர்களா பாய்?"

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் கீறோம். ஒருத்தரும் ஏறல. அவசியம் வரல."

நான் பாதி மலை ஏறினேன். வெயில் ஏறியதும் பாறை அடுப்புக்கல் போல் ஆகிவிட்டது, இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தானியக் களஞ்சியம், யானை குளிக்கும் குளம், மாடி மேல் மாடியாக உயர்ந்து கூம்பு போல் முடியும் கல்யாண மகால். அந்த மாடிகளுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்று அங்கிருந்த காவலர் காட்டினார். குழாய் இப்போதும் சுவரில் தெரிகிறது. ஒரு மணி நேரம் போதும். நிழலும் குடிதண்ணீரும் கிடையாது.

பிற்பகல் சரோஜாவோடு அதே வண்டியில் அவலூர்பேட்டைச் சாலையில் ஐந்து மைலும், வண்டிப்பாதையில் ஒரு மைலும் போனோம். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஊர் நடுவே படிக்கிணறு. நான்கு பக்கமும் கருங்கல் படி. பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கினார்கள். பிள்ளைகள் அதே தண்ணீரில் கால் கழுவினார்கள். வீட்டுச் சுவர்களில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் மருந்தடித்துவிட்டு எழுதிய எண்கள். அவர்களில் ஒருவர், கிணற்றிலும் கொஞ்சம் மருந்தைப் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று சொன்னாராம். "எல்லாம்னா தவளை, மீன், அந்தத் தண்ணியைக் குடிக்கிற மாடு, எல்லாம்தான். ஒரு புழுவுக்காகக் கிணத்தையே கொல்லணுமான்னு கேட்டேன்" என்றாள் சரோஜா. அவள் கேட்பது, படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் கட்டி, உருளை போட்டுக் கயிற்றால் தண்ணீர் சேந்த வேண்டும் என்பது மட்டுமே. ஓராண்டாகக் கேட்கிறாள்.

ஊர் மறுப்பதற்கு இரண்டு காரணங்கள். ஊருக்கு வெளியே சேரியில் அரசாங்கம் உருளைக் கிணறு ஒன்று வெட்டிக் கொடுத்திருக்கிறது. சேரிக்காரர்களை இந்தப் படியில் இறங்க விட்டதில்லை. அதனாலேயே அவர்களில் ஒருவருக்கும் சிலந்தி இல்லை. அவர்களைப் போல நாங்களும் கயிறு இழுப்பதா என்பது முதல் காரணம். சரோஜா இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. இரண்டாவது காரணம் மாரியம்மன் குடம். பங்குனித் திருவிழாவில் குடம் எடுப்பவன் படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூன்று முறை முழுகிக் குடத்தை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அந்த உரிமை ஒரே குடும்பத்துக்கு உரியது. இப்போது அது ஏழுமலை என்பவனிடம் இருக்கிறது. நாங்கள் போன மறுநாள் திருவிழா. ஏழுமலையின் காலில் சிலந்தி.

அவன் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். நாற்பது வயது இருக்கும். கணுக்காலுக்கு மேல் கட்டு. கட்டுக்குள் ஈர்க்குச்சியில் சுற்றிய புழு. வெள்ளை நூல் போலத்தான் இருந்தது. அவன் மனைவி பச்சையம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"எரியுதா?" என்று சரோஜா கேட்டாள்.

"கொள்ளி வச்சாப்பல எரியுது டாக்டரம்மா. தண்ணியில வச்சாதான் அடங்குது."

"வச்சியா?"

"குண்டான்லதான் வச்சேன். கெணத்துல வக்கல. ஆத்தா மேல சத்தியம்."

"குண்டான் தண்ணியை எங்கே ஊத்தினீங்க?"

"பூசணிக் கொடிக்கு ஊத்துனேன்" என்றாள் பச்சையம்மா. "பூசணிக்கு சிலந்தி வராதில்ல?"

சரோஜா கட்டை மாற்றிக்கொண்டே, நாளைக்கு அவன் தண்ணீரில் இறங்கவே கூடாது, இறங்கினால் அடுத்த பங்குனிக்கு ஊரில் பாதிப் பேர் இப்படிக் கட்டிலில் கிடப்பார்கள் என்றாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"நான் எறங்கலன்னா கன்னியப்பன் எறங்குவான்" என்றான். கன்னியப்பன் அவனுடைய சித்தப்பா மகன். "அவன் காலு சுத்தமா இருக்குது. ஆனா ஒருவாட்டி எறங்கிட்டான்னா அப்புறம் எப்பவும் அவன்தான். எம்புள்ளைங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கணும். எங்க நைனா ஜொரத்தோட எறங்குனாரு. நான் இன்னான்னு சொல்லிட்டு நிக்கறது?"

குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினால் என்ன என்று நான் கேட்டேன். எனக்கு அது சுலபமான தீர்வாகப் பட்டது.

பச்சையம்மா விசிறியை நிறுத்தினாள். "கயித்துல எறக்குறதுக்கு சாமி இன்னா வாளியாம்மா?" என்றாள்.

காதர் பாய்கூட வண்டியிலிருந்து சிரித்தார். நான் அதற்குமேல் யோசனை சொல்லவில்லை.

திருவிழாவன்று காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் இருந்தோம். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மஞ்சள் வேட்டியில் நொண்டிக்கொண்டே வந்தான். நான்கடி பின்னால் கன்னியப்பன். அவனும் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியில் வந்திருந்தான். அதைக் கவனிக்காதவர்கள் ஒருவரும் இல்லை; அதைப் பற்றிப் பேசியவர்களும் இல்லை. கரையின் நான்கு பக்கமும் ஊர் நின்றது.

ஏழுமலை புதுக் குடத்தோடு படி இறங்கினான். கடைசிக் காய்ந்த படிக்கு வந்ததும் நின்றான். அடுத்த படி தண்ணீருக்குள் இருந்தது. அவனுடைய கால்விரல்கள் கல்லின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இருந்தன. சரோஜா என் கையைப் பிடித்தாள், வலிக்கும்படி பிடித்தாள். பம்பைக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். அவன் நகரவில்லை.

"இன்னாண்ணே, நின்னுட்ட?" என்றான் கன்னியப்பன், அவனுக்கு இரண்டு படி மேலே வந்து நின்று. "முடியலன்னா கொடத்த குடு. நான் போறேன்."

ஏழுமலையின் தோள் ஒருமுறை உதறியது. பிறகு உடம்பு முழுவதும். குடம் கையிலிருந்து நழுவிப் படியில் உடைந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். அவன் குரல் தொண்டைக்குள்ளிருந்து வேறு மாதிரி வந்தது.

"எவன்டா எந்தண்ணியில கால வச்சிக் கலக்குறவன்! ஊரு கால் அழுக்கெல்லாம் எந்தலமேலயாடா? இனிமே ஒரு காலும் படக்கூடாது! என்னைத் தூக்குறவன் காலும் படக்கூடாது! கயித்துல எறக்கு என்னை!"

பம்பை நின்றது.

கன்னியப்பன்தான் முதலில் பேசினான். "சாமி பேசறாப்பல தெரியலியே. டாக்டரம்மா பேசறாப்பல இல்ல இருக்குது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன், "கயித்துல தண்ணி சேந்தறவங்க யாருன்னு சாமிக்குத் தெரியாதா?" என்றான். எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜாவின் முகம் சிவந்துவிட்டது. சத்தியமாக அவள் அவனிடம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

ஊர் நாட்டாண்மைக் கிழவர் படியில் இறங்கிப் போனார். கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி வெற்றிலையில் வைத்து நீட்டினார். "நீதான்னா கையில வாங்கு ஆத்தா."

வெற்றிலை வேண்டாம் என்பது போல ஏழுமலை தலையை உதறினான். எரிகிற கற்பூரத்தை வெறும் உள்ளங்கையில் வாங்கினான். அது எரிந்து தீரும்வரை கையை மூடவும் இல்லை, இறக்கவும் இல்லை. அது நீண்ட நேரம். பச்சையம்மா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ந்ததும் கன்னியப்பன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். ஊர் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிறகு காதர் பாய் சொன்னார்.

வயலுக்கு மாடு கட்டிக் கவலை இறைக்கும் கயிற்றை யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். இன்னொரு குடம் வந்தது. முதல் தடவை பாதிதான் நிரம்பியது, இரண்டாம் தடவை நிரம்பியது. ஏழுமலையே அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

கயிற்றில் வந்த குடத்தைத் தலையில் தூக்குவது பெரிய உரிமையாகத் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். தன் குடும்பத்துக்கு இருந்த ஒன்றைக் கன்னியப்பனுக்கும் இல்லாமல், தன் பிள்ளைகளுக்கும் இல்லாமல் அவன் முடித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. பூஜை முடிந்து சரோஜா அவன் கைக்கு மருந்து போட்டபோது, இது உன் யோசனையா என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. படியில நின்னது நெனப்பிருக்குது. அப்புறம் கை எரியறது தெரிஞ்சிது."

நான் அவன் முகத்தைக் கவனித்தேன். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதப்போவதில்லை.

"கால்ல ஒண்ணு, இப்ப கையிலும் ஒண்ணு. இனி எனக்குச் சோறு ஊட்டற வேலை வேற" என்றாள் பச்சையம்மா. ஆனால் அவள்தான் அன்று ஊரிலேயே நிமிர்ந்து நடந்தவள்.

சரோஜா மகிழ்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் அழுதுவிடுவாள் போலிருந்தது. "அடுத்த பங்குனியிலும் வரும் பெரியம்மா. இந்த மாசி பங்குனியில குடிச்சவங்க உடம்புல புழு ஏற்கெனவே இருக்கு. அது வெளியே வர்றபோது, சாமி சொல்லியும் வந்துடுச்சே, சாமி பொய்யின்னு மறுபடி இறங்கிடுவாங்க. ஒரு வருஷம் பொறுத்தா போதும். அதை யாரு சொல்றது?"

சிறிது தூரம் போனதும் வண்டியைத் திருப்பச் சொன்னாள். காதர் பாய் முனகினார், திருப்பினார்.

மருத்துவம் படித்தவள், என் வளர்ப்பில் பாதி வளர்ந்தவள், கட்டிலின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அடுத்த வருஷமும் சில பேருக்கு வரும், அதுக்கப்புறம் வராதுன்னு சாமி ஒரு வார்த்தை சொல்லணும் ஏழுமலை."

அவன் அவளை வியப்போடு பார்த்தான். "சாமி வர்றப்ப நான் நானா இருக்க மாட்டேனே டாக்டரம்மா. யாருகிட்ட சொல்லி வக்கிறது?"

"ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப சாமி வரும்" என்றாள் பச்சையம்மா. "தேங்கா ஒடச்சி நீங்களே கேளுங்க. எல்லாரும் இருக்கறப்ப கேளுங்க. எங்க ஊட்டுல வந்து ரகசியமாக் கேட்டா சாமி சொல்லாது."

சரோஜா கோவிலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் கட்டு மாற்றப் போனபோது கிணற்றின் நான்கு பக்கமும் பெண்கள் மேல்படியில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். "சாமி அவனுக்கு வந்துச்சு, கொப்புளம் நமக்கு வந்துச்சு" என்று ஒருத்தி கையைக் காட்டினாள். சுவரும் உருளையும் வேண்டும் என்று நாட்டாண்மையே சரோஜாவிடம் கேட்டார். அவளுக்கு வேண்டிய சம்மதம் கிடைத்துவிட்டது. எப்போது கட்டுவார்கள் என்பதுதான் தெரியவில்லை. நாங்கள் நின்றபோதே ஒருத்தியின் குடம் கயிற்றிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது. எடுக்க அவள் மூன்று படி இறங்கினாள். நான்கு பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. அதிகம் கத்தியவன் கன்னியப்பன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்களில் போங்கள்; பங்குனி வெயில் என் வயதுக்காரர்களுக்கு ஆகாது. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு மாலையிலும் பஸ் உண்டு, ஆனால் மேல்மலையனூர்க் கோவிலுக்குக் கூட்டம் போகும் அமாவாசையன்று நிற்க இடம் கிடைக்காது. கோட்டைக்குக் குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, முடிந்தால் காய்ச்சிக் குடியுங்கள். கொடுப்பவர்கள் மனம் கோணினால் கோணட்டும்.

அவலூர்பேட்டைச் சாலையில் அந்த மாதிரி ஒரு படிக்கிணற்றைப் பார்த்தால், சோதித்துப் பார்ப்பது சுலபம். மேல்படியில் நின்று, இறங்கப்போகிறவர் போல் ஒரு காலைத் தூக்குங்கள். ஊர் உங்களைத் திட்டினால் நல்லது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஒருவரும் திட்டவில்லை என்றால், செஞ்சி கடைத்தெருவில் டாக்டரம்மா வீடு எது என்று கேட்டு அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.